அமெரிக்க அரசின் பாதுகாப்பு அனுமதி: விண்ணப்பம் முதல் மேல்முறையீடு வரை

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக வேலை செய்யும் நிறுவனங்களின் பணி விளம்பரங்களில் ‘சீக்ரெட் கிளியரன்ஸ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை’ என்ற வரியைப் பார்த்ததும், ஓட்டுநர் உரிமம் எடுப்பதைப் போல நாமே விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, கையில் வாங்கிக்கொண்டு போய் வேலை கேட்கலாம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படி ஒரு வழி கிடையாது. கிளியரன்ஸ் என்பது அரசின் ரகசியத் தகவலை அணுகத் தரப்படும் பாதுகாப்பு அனுமதி; தனிநபர் எவரும் தம் பெயரில் தாமே அதற்கு விண்ணப்பிக்க முடியாது. ஓர் அரசு முகமையோ, அரசின் ரகசிய ஒப்பந்தத்தைப் பெற்றிருக்கும் நிறுவனமோ ‘இந்தப் பணிக்கு இவர் தேவை, இந்தப் பணிக்கு இந்த நிலை அனுமதி தேவை’ என்று முன்மொழிய வேண்டும். அதற்கான செலவை அரசே ஏற்கிறது. ஆகவே, பணம் கொடுத்தால் கிளியரன்ஸ் வாங்கித் தருகிறோம் என்று யாரேனும் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

முன்மொழியும் நிறுவனத்துக்கும் தனியாக ஓர் அனுமதி இருக்க வேண்டும். 1993இல் வெளியான 12829ஆம் எண் நிர்வாக ஆணை உருவாக்கிய தேசியத் தொழில்துறைப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் அது வழங்கப்படுகிறது. அந்த நிறுவனத்தில் எஃப்எஸ்ஓ எனப்படும் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருப்பார். விண்ணப்பதாரருக்கு முதல் நாள் முதல் கடைசி நாள் வரை தொடர்பில் இருக்கப்போகிறவர் அவர்தான். சந்தேகம் எழும்போதெல்லாம் இணையத்தில் தேடுவதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுவது நேரத்தையும் பதற்றத்தையும் மிச்சப்படுத்தும்.

குடியுரிமை முதல் நிபந்தனை. 1995இல் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட 12968ஆம் எண் நிர்வாக ஆணையின்படி, ரகசியத் தகவலை அணுகும் தகுதி அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. வேறெவரிடமும் இல்லாத தனித்திறன் ஒன்று வெளிநாட்டவரிடம் இருந்தால் வரையறுக்கப்பட்ட அணுகல் தரும் விதிவிலக்கு உண்டென்றாலும், அது மிக அரிது. மிக உயர்ந்த நிலையான டாப் சீக்ரெட் வரை அது எட்டுவதும் இல்லை. குடியுரிமை பிறப்பால் வந்ததா, பின்னர் பெற்றதா என்பதில் சட்டம் வேறுபாடு காட்டுவதில்லை. ஆனால் பின்னர் பெற்றவரின் படிவம் கூடுதலாகச் சில பக்கங்கள் நீளும். அதைக் கீழே பார்ப்போம்.

எதற்கான அனுமதி?

எந்தத் தகவல் ரகசியம் என்பதை இப்போது வரையறுப்பது 2009 டிசம்பரில் வெளியான 13526ஆம் எண் நிர்வாக ஆணை. அது மூன்று படிகளை வைக்கிறது. வெளியானால் தேசப் பாதுகாப்புக்குச் சேதம் விளையும் என்று எதிர்பார்க்கத்தக்கது கான்ஃபிடென்ஷியல். கடுமையான சேதம் விளையும் என்றால் சீக்ரெட். மிக அசாதாரணமான பெருஞ்சேதம் என்றால் டாப் சீக்ரெட். அணுவாயுத வடிவமைப்பு போன்றவை இந்த ஆணைக்குள் வருவதில்லை. 1954ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் அவற்றைத் தனி வகையாகக் காக்கிறது, எரிசக்தித் துறை அதற்காக ‘எல்’, ‘கியூ’ என்ற பெயர்களில் தன் அனுமதிகளை வழங்குகிறது. உளவுத் தகவல் எந்த மூலத்திலிருந்து, எந்த முறையில் வந்தது என்பது தொடர்பான எஸ்சிஐ என்னும் வகையும் உண்டு. அது டாப் சீக்ரெட்டுக்கு மேலான நான்காவது படி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அது படியல்ல, தனித்தனியே பூட்டிய அறைகள். ஓர் அறையின் சாவி மற்றோர் அறையைத் திறக்காது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். அனுமதி என்பது ‘இவரை நம்பலாம்’ என்ற தகுதித் தீர்மானம் மட்டுமே. ஒரு குறிப்பிட்ட ஆவணத்தைப் பார்க்க அந்தத் தகுதியோடு இன்னும் இரண்டு தேவை: எஸ்எஃப்-312 என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து, அந்த ஆவணம் உங்கள் வேலைக்கு அவசியம் என்ற நிலை. டாப் சீக்ரெட் அனுமதி பெற்றவர், பக்கத்து மேசையில் கிடக்கும் சீக்ரெட் கோப்பை ஆர்வத்தால் புரட்டினால் அது விதிமீறல்தான். அதிபரும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களும் கூட்டாட்சி நீதிபதிகளும் வகிக்கும் பதவியே அவர்களுக்கு அணுகலைத் தருவதால் அவர்கள் இந்தப் பரிசோதனைக்கு உட்படுவதில்லை. அவர்களின் பணியாளர்கள் உட்பட வேண்டும். நியாயமா என்று கேட்கலாம். தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை ஓர் அலுவலகம் வடிகட்டுவது அதைவிட மோசம் என்பதே இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்படும் காரணம்.

படிவம்

வேலை உறுதியானதும், முன்மொழிந்த அமைப்பு உங்களை இ-ஆப் என்னும் இணையத்தளத்துக்கு அழைக்கும். அங்கே நிரப்பவேண்டியது எஸ்எஃப்-86 என்ற வினாப்படிவம். அச்சிட்டால் நூறு பக்கங்களைத் தாண்டும். அதற்கு மாற்றாக ஒரு புதிய படிவம் 2023இல் ஒப்புதல் பெற்றிருப்பதால் கேள்விகளின் வரிசையும் சொற்களும் மாறக்கூடும். கேட்கப்படும் செய்திகள் பெரிதாக மாறப்போவதில்லை.

இந்தப் படிவத்தை ஒரே இரவில் நிரப்ப முயல்வதுதான் முதல் தவறு. அழைப்பு வருவதற்கு முன்பே ஒரு வாரம் ஒதுக்கித் தகவல்களைத் திரட்டுங்கள். கடந்த 10 ஆண்டுகளில் நீங்கள் வசித்த ஒவ்வொரு முகவரியும், மாதம், ஆண்டு விவரத்தோடு, இடைவெளி இல்லாமல் வேண்டும். கடந்த 3 ஆண்டு முகவரிகளுக்கு, நீங்கள் அங்கே இருந்ததை அறிந்த ஒருவரின் பெயரும் வேண்டும். வேலைகளும் 10 ஆண்டுகளுக்கு. வேலையில்லாமல் இருந்த மாதங்களையும் ‘வேலையில்லை’ என்றே எழுதி, அதை உறுதிசெய்யக்கூடிய ஒருவரைக் குறிப்பிட வேண்டும். உறவினரல்லாத, உங்களை நன்கு அறிந்த மூவர், சேர்ந்து கடந்த 7 ஆண்டுகளை உள்ளடக்குமாறு இருக்க வேண்டும். பெற்றோர், மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள், மாமனார், மாமியார் ஆகியோரின் பிறந்த தேதி, பிறந்த இடம், குடியுரிமை எல்லாம் கேட்கப்படும். காலமானவர்களும் பட்டியலில் இடம்பெற வேண்டும். குடியுரிமைச் சான்றிதழின் எண், அது வழங்கப்பட்ட இடம், நாள் ஆகியவற்றையும் பழைய கடவுச்சீட்டுகளையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். 1959க்குப் பின் பிறந்த ஆண்கள் கட்டாய ராணுவச் சேவைக்கான (செலக்டிவ் சர்வீஸ்) பதிவு எண்ணையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மனநலம் பற்றிய கேள்வியைப் பார்த்துப் பலர் அஞ்சுகிறார்கள். ஆலோசனைக்குப் போனால் அனுமதி போய்விடும் என்ற பயத்தில் சிகிச்சையையே தவிர்ப்பவர்கள் உண்டு. இப்போதைய படிவம் அப்படிக் கேட்பதில்லை. நீதிமன்றம் ஒருவரை மனத்தகுதி அற்றவர் என்று அறிவித்ததா, நீதிமன்ற உத்தரவின்பேரில் மனநல மருத்துவரைப் பார்க்க நேர்ந்ததா, மனநலக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாரா, ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் உள்ளிட்ட குறிப்பிட்ட சில நோய்கள் கண்டறியப்பட்டனவா என்பன போன்றவையே அங்கே இருக்கின்றன. துயரத்துக்கோ மணமுறிவுக்கோ ஆலோசகரை நாடியது அந்தக் கேள்விகளுக்குள் வராது. வரம்புக்குள் வரும் ஒன்று இருந்தாலும், சிகிச்சையைத் தொடர்ந்து பெற்றுவருவது சாதகமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

காவல்துறைப் பகுதியில் தடுக்கி விழுபவர்கள் அதிகம். மாநில நீதிமன்றம் பதிவை முத்திரையிட்டு மூடிவிட்டது, அழித்துவிட்டது, ஆகவே ‘இல்லை’ என்று எழுதலாம் என்று ஒரு வழக்கறிஞர் முன்பு எப்போதோ சொல்லியிருப்பார். வேறு வேலை விண்ணப்பங்களுக்கு அது பொருந்தலாம். இந்தப் படிவமோ, மூடப்பட்டவற்றையும் தள்ளுபடியானவற்றையும் சேர்த்தே எழுதும்படி வெளிப்படையாகக் கேட்கிறது. மது, போதைப்பொருள் தொடர்பில்லாத, 300 டாலருக்குக் குறைந்த போக்குவரத்து அபராதங்களை மட்டும் விட்டுவிடலாம்.

வேண்டுமென்றே பொய் எழுதினால் கூட்டாட்சிச் சட்டத்தின்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. நடைமுறையில் அதைவிட உடனடியான விளைவு வேறு. 15 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சிறு திருட்டு வழக்கைச் சொல்லியிருந்தால் அதைப் பழங்கதை என்று விட்டிருப்பார்கள். மறைத்தது தெரிந்தால் அந்த மறைப்பு நேற்று நடந்ததாகிவிடும். பழைய குற்றத்துக்குக் காலம் மருந்தாகும், புதிய பொய்க்கு அந்த மருந்து கிடையாது. போதைப்பொருள் பகுதியில் இதற்கெனவே ஓர் உறுதிமொழி அச்சிடப்பட்டிருக்கிறது: அங்கே நீங்கள் தரும் உண்மையான பதில் உங்களுக்கு எதிரான குற்றவழக்கில் சான்றாகப் பயன்படுத்தப்படாது.

சமர்ப்பிக்கும் முன் படிவத்தின் முழுப் பிரதி ஒன்றைச் சேமித்து வையுங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் நிரப்ப நேரும்போது, இரண்டு படிவங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். அந்தப் பிரதியை நீங்கள் காக்கும் விதத்தை அரசு காத்த விதத்தோடு ஒப்பிடாமல் இருப்பது நல்லது. அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தின் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள், 2015இல் தெரியவந்தபடி, 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணி ஆய்வு விவரங்களையும், சுமார் 56 லட்சம் பேரின் விரல்ரேகைகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

விசாரணை

அந்தத் திருட்டுக்குப் பிறகு நிர்வாகம் மாறியது. 2019 அக்டோபர் முதல் பெரும்பாலான பின்னணி ஆய்வுகளைப் பாதுகாப்புத் துறையின் கீழுள்ள டிசிஎஸ்ஏ என்ற முகமை நடத்துகிறது. கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட் நிலைகளுக்கு மூன்றாம் அடுக்கு ஆய்வு. விரல்ரேகை, எஃப்பிஐ பதிவுகள், கடன் வரலாறு, காவல்துறைப் பதிவுகள் என்று பெரும்பாலும் ஆவணங்களிலேயே அது முடிந்துவிடும், சிக்கல் தென்பட்டால்தான் ஆள் வருவார். டாப் சீக்ரெட்டுக்கும் எஸ்சிஐக்கும் ஐந்தாம் அடுக்கு ஆய்வு; அதில் புலனாய்வாளர் உங்களை நேரில் சந்தித்துப் பேசுவார், மேலதிகாரிகளையும் அண்டை வீட்டாரையும், மணமுறிவு ஆகியிருந்தால் முன்னாள் துணையையும் தேடிப் போவார்.

சந்திப்புக்கு வருபவர் அடையாள அட்டையைக் காட்டுவார். ஐயமிருந்தால் முகமையை அழைத்து உறுதிசெய்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. படிவத்தின் ஒவ்வொரு பகுதியையும் அவர் உங்களோடு சேர்ந்து மீண்டும் வாசிப்பார். எழுத மறந்தது ஏதேனும் இப்போது நினைவுக்கு வந்தால், அவர் அந்தப் பகுதிக்கு வருமுன் நீங்களே சொல்லிவிடுங்கள். இது மரியாதைக்காகச் சொல்வதல்ல. எதிரே ஆதாரத்தை வைத்துக் கேட்பதற்கு முன், தானாக முன்வந்து விரைவில் திருத்திக்கொண்டவரின் விடுபடலை மன்னிக்கலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. கேட்ட பிறகு சொன்னால் அந்தச் சலுகை இல்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். கேள்வியில் இல்லாத சொந்தத் தத்துவங்களை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவர் தீர்மானிப்பவர் அல்லர். தகவலைத் திரட்டி அனுப்புபவர் மட்டுமே. ஆகவே அவர் முகக்குறிப்பிலிருந்து முடிவை ஊகிப்பது வீண்வேலை.

பாலிகிராஃப் என்னும் பொய்யறியும் கருவிச் சோதனை எல்லோருக்கும் கிடையாது. சாதாரண சீக்ரெட் அனுமதிக்கு அதைக் கேட்பதில்லை; சிஐஏ, என்எஸ்ஏ போன்ற உளவு முகமைகளில் கேட்பார்கள். ஆய்வு முடியச் சில மாதங்கள் ஆகும். வெளிநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர், அடிக்கடி முகவரி மாற்றியவர் ஆகியோருடையது ஓராண்டையும் தாண்டலாம். அதுவரை வேலை நிற்காமலிருக்க இடைக்கால அனுமதி தரப்படுவதுண்டு. அது மறுக்கப்பட்டால் மேல்முறையீடு இல்லை. ஆனால் இடைக்கால மறுப்பு இறுதி மறுப்புக்கு அறிகுறி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

எதை எடைபோடுகிறார்கள்

2017 ஜூன் 8 முதல் எல்லா முகமைகளுக்கும் பொதுவான தீர்மான வழிகாட்டி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளில் ஏ முதல் எம் வரை 13 தலைப்புகள். நாட்டுப்பற்று, வெளிநாட்டுச் செல்வாக்கு, வெளிநாட்டுச் சார்பு, பாலியல் நடத்தை, தனிப்பட்ட நடத்தை, நிதி, மது, போதைப்பொருள், உளவியல் நிலை, குற்றநடத்தை, ரகசியத் தகவலைக் கையாண்ட விதம், வெளிப்பணிகள், கணினிப் பயன்பாடு என்று அவை நீள்கின்றன. ஒவ்வொன்றிலும் கவலை தரக்கூடியவை ஒரு பட்டியல், அந்தக் கவலையைத் தணிப்பவை இன்னொரு பட்டியல். பெரும்பாலானோர் முதல் பட்டியலைப் படித்துவிட்டுப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு உதவக்கூடியது இரண்டாவது பட்டியல்தான்.

நிதி விவகாரமே மறுப்புகளில் முதலிடம் வகிக்கிறது. கடன் இருப்பது குற்றமில்லை. படிவம் கேட்பது, கடந்த 7 ஆண்டுகளில் எந்தத் தவணையேனும் 120 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றதா, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமலோ வரியைச் செலுத்தாமலோ விட்டீர்களா, திவால் அறிவிப்புச் செய்தீர்களா என்பன. வேலையிழப்பு, நோய், மணமுறிவு, அடையாளத் திருட்டு போன்ற கைமீறிய காரணங்களால் வந்த கடனை, அதன்பின் பொறுப்போடு கையாண்டிருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். எனவே படிவத்தை நிரப்பும் முன்பே உங்கள் கடன் வரலாற்று அறிக்கையைத் தருவித்துப் பாருங்கள். கடன் கொடுத்தவருக்குக் கடிதம் எழுதுங்கள். சிறு தொகையானாலும் மாதாமாதம் செலுத்தும் திட்டம் ஒன்றில் சேர்ந்து, ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். கேள்வி வந்தபின் அவசரமாக அடைத்த கடனுக்கும், கேள்வி வருமுன்பே அடைக்கத் தொடங்கிய கடனுக்கும் எடை ஒன்றல்ல. வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாதவர்கள் மட்டும் எந்தச் சமாதானத்தையும் நம்பாமல் முதலில் அதைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.

இந்தத் தலைப்பு கடனாளிகளை மட்டும் குறிவைப்பதில்லை. காரணம் புரியாத செல்வமும் கவலைக்குரியதே. சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் சோவியத் ஒன்றியத்துக்கு விலைபோனவர். அரசுச் சம்பளக்காரரான அவர் 5,40,000 டாலருக்கு வீட்டை ரொக்கமாக வாங்கியும் 1994 பிப்ரவரியில்தான் கைதானார். அமெரிக்காவுக்காக உளவு பார்த்த பல சோவியத் நாட்டவரின் பெயர்கள் அவர் மூலமாகவே போயின. வங்கிக் கணக்கைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு அந்த வழக்கே விடை.

வெளிநாட்டில் பிறந்தவர்களை அதிகம் உறுத்துவது வெளிநாட்டுச் செல்வாக்கு என்ற தலைப்பு. தாய் தந்தையர் வேறு நாட்டில் வாழ்கிறார்கள் என்பதற்காக அனுமதி மறுக்கப்படுவதில்லை. அவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள், அந்த நாட்டு அரசிலோ ராணுவத்திலோ உளவுத்துறையிலோ பணியாற்றுகிறார்களா, அந்த நாடு அமெரிக்காவை உளவு பார்க்கும் பழக்கமுடையதா, அவர்கள் வழியாக உங்களை நெருக்க முடியுமா என்பவையே கேள்வி. எதிர்த்தட்டில் வைக்கவேண்டியது இங்கே நீங்கள் ஊன்றியிருக்கும் வேர்கள்: துணைவர், பிள்ளைகள், வீடு, ஓய்வூதியச் சேமிப்பு, நீண்டகால வேலை. வெளிநாட்டில் நிலமோ வங்கிக் கணக்கோ இருந்தால் மதிப்பையும் அது உங்கள் மொத்தச் சொத்தில் எத்தனை பங்கு என்பதையும் கணக்கிட்டுச் சொல்லுங்கள்; சிறு பங்காக இருந்தால் கவலை பெரிதும் குறையும். மாதந்தோறும் பெற்றோருக்கு அனுப்பும் பணத்தையும் எழுதிவிடுங்கள். அன்பாலோ, செல்வாக்காலோ, பொது அக்கறையாலோ, கடமையாலோ பிணைந்து, கடந்த 7 ஆண்டுகளில் நெருங்கிய தொடர்பிலோ தொடர்ச்சியான தொடர்பிலோ இருந்த வெளிநாட்டவர்களைப் படிவம் கேட்கிறது. பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பும் தூரத்து உறவினர் எல்லோரும் அதில் வரமாட்டார்கள். வாரந்தோறும் பேசும் கல்லூரி நண்பர் வருவார். எல்லைக்கோட்டில் நிற்பவரை எழுதிவிடுவதே என் தெரிவு.

இரட்டைக் குடியுரிமையும் தன்னளவில் தடையில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக் கடவுச்சீட்டை ஒப்படைத்தே ஆகவேண்டும் என்றிருந்தது. இப்போது, அதை மறைத்தீர்களா, அமெரிக்காவுக்குள் வரவும் வெளியேறவும் அமெரிக்கக் கடவுச்சீட்டைப் பயன்படுத்தினீர்களா என்பதையே பார்க்கிறார்கள். இந்தியாவின் ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை, பெயரில் குடியுரிமை என்றிருந்தாலும், இந்தியச் சட்டப்படி இரட்டைக் குடியுரிமை ஆகாது. ஆனாலும் அது பிற நாட்டு அரசு தந்த சலுகை என்பதால் கேட்கும் இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

கஞ்சாவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மாநிலச் சட்டங்கள் இங்கே மக்களை ஏமாற்றுகின்றன. கலிஃபோர்னியாவிலோ கொலராடோவிலோ கடையில் வாங்குவது மாநிலத்தில் குற்றமில்லை. கூட்டாட்சிச் சட்டத்தில் அது விலக்கப்பட்ட பொருள்தான், சட்டவிரோதப் பயன்பாட்டை நடப்பில் கொண்டவருக்கு அனுமதி தருவதைக் காங்கிரஸ் 2008இல் சட்டம் மூலமாகவே தடுத்துவிட்டது. 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் வெளியிட்ட விளக்கம், பழைய பயன்பாடு ஒன்றே முடிவைத் தீர்மானிக்காது என்று ஆறுதல் தந்தது. ஆக, செய்யவேண்டியது இரண்டு: இன்றே நிறுத்துவது, நடந்ததை அப்படியே எழுதுவது. இனி ஈடுபடமாட்டேன், ஈடுபட்டால் அனுமதியை ரத்துசெய்யலாம் என்று கையெழுத்திட்டுத் தருவதும் வழிகாட்டி ஏற்கும் தணிப்புகளில் ஒன்று.

இவ்வளவையும் தனித்தனியாகப் பார்த்தபின், முழு மனிதர் என்ற அளவுகோலால் தீர்மானிக்கும் அலுவலர் சேர்த்துப் பார்ப்பார்: எப்போது நடந்தது, அப்போது வயது என்ன, மீண்டும் நடந்ததா, அதன்பின் திருந்தினாரா. ஆனால் ஐயம் எஞ்சினால் அது தேசப் பாதுகாப்பின் பக்கமே தீர்க்கப்படும். குற்றவழக்கில் ஐயத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் போவது போல இங்கே போகாது. கடற்படை எதிர் ஈகன் வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பு அனுமதி என்பது எவருக்கும் உரிமையாகாது என்று சொல்லிவிட்டது.

மறுத்தால்

உரிமை இல்லையென்றாலும், விசாரணை இல்லாமல் விரட்டுவதும் இல்லை. 1959இல் கிரீன் என்ற விமானத் தொழில் பொறியாளர், தனக்கு எதிராகச் சொன்னவர்களைக் குறுக்கு விசாரணை செய்யவே வாய்ப்பில்லாமல் அனுமதியையும் வேலையையும் இழந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசைக் கண்டித்தது. அடுத்த ஆண்டே அதிபர் ஐசனோவர் 10865ஆம் எண் ஆணையால் ஒப்பந்த நிறுவனப் பணியாளர்களுக்கு விசாரணை முறையை ஏற்படுத்தினார். அதன்படி முதலில் காரண அறிக்கை ஒன்று வரும். எந்தத் தலைப்பின் கீழ் எந்த உண்மை கவலை தருகிறது என்று பத்தி பத்தியாக அதில் எழுதியிருக்கும். பதில் தர 20 நாள். ஒவ்வொரு பத்திக்கும் ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று உறுதிமொழியோடு எழுதி, விளக்கத்தைச் சேர்த்து, நேரடி விசாரணை வேண்டுமா, எழுத்துப்பூர்வ முடிவு போதுமா என்பதையும் சொல்ல வேண்டும்.

நேரடி விசாரணையையே கேளுங்கள் என்பேன். காகிதத்தில் ‘எனக்குக் கடன் இருந்தது, இப்போது இல்லை’ என்பது ஒரு வரி. நிர்வாக நீதிபதியின் முன் உங்கள் மேலதிகாரி வந்து, இவர் பூட்டை மறந்ததில்லை என்று சொல்வது வேறு எடை. டோஹா என்ற சுருக்கப்பெயரால் அறியப்படும் பாதுகாப்புத் துறை விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகம் தன் தீர்ப்புகளைப் பெயர் நீக்கி இணையத்தில் வெளியிடுகிறது. உங்கள் சிக்கலை ஒத்த பத்துத் தீர்ப்புகளைப் படித்தாலே, எந்த ஆவணம் நீதிபதியை அசைத்தது, எது அசைக்கவில்லை என்பது தெரிந்துவிடும். நீங்கள் மறுத்த உண்மைகளை அரசு நிரூபிக்க வேண்டும். கவலையைத் தணிக்கும் பொறுப்பு உங்களுடையது. வழக்கறிஞரை உங்கள் செலவில் வைத்துக்கொள்ளலாம். தோற்றால் 15 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்புத் தர வேண்டும், ஆனால் மேல்முறையீட்டுக் குழு புதிய சான்றுகளை ஏற்காது. சொல்லவேண்டியதையெல்லாம் முதல் விசாரணையிலேயே சொல்லியாக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். அங்கும் தோற்றவர் ஓராண்டுக்குப் பின் மீண்டும் முன்மொழியப்படலாம்.

முறை இருந்தும் நியாயம் தவறிய சரித்திரமும் உண்டு. அணுகுண்டுத் திட்டத்தின் அறிவியல் தலைவரான ராபர்ட் ஓப்பன்ஹைமரின் அனுமதியை அணுசக்தி ஆணையம் 1954 ஜூன் 29 அன்று நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் ரத்துசெய்தது. மறுநாள் அது தானாகவே காலாவதியாக இருந்தது. அந்த முடிவு பிழையான நடைமுறையில் விளைந்தது என்று எரிசக்தித் துறை அதைச் செல்லாததாக்க 2022 டிசம்பர் வரை ஆனது.

கிடைத்த பின்

முன்பெல்லாம் டாப் சீக்ரெட்டுக்கு 5 ஆண்டுக்கொரு முறையும் சீக்ரெட்டுக்கு 10 ஆண்டுக்கொரு முறையும் மறு ஆய்வு நடக்கும். இடையில் என்ன நடந்தாலும் யாருக்கும் தெரியாது. 2013இல் வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் சீக்ரெட் அனுமதியோடு உள்ளே நுழைந்த ஒப்பந்தப் பணியாளர் 12 பேரைச் சுட்டுக்கொன்ற பிறகு அந்த ஏற்பாட்டின் ஓட்டை எல்லோர் கண்ணிலும் பட்டது. இப்போது கடன், கைது, பயணப் பதிவுகளைக் கணினி தொடர்ந்து ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே கைதான செய்தி உங்கள் எஃப்எஸ்ஓவுக்கு எப்படியும் போய்ச் சேரும். அதை உங்கள் வாயால் முதலில் சொல்வதா, கணினி சொல்வதா என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது.

சொந்தப் பயணமாக வெளிநாடு போவதை முன்கூட்டியே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ திட்டமிடாமல் ஒருநாள் போய்வந்தால், திரும்பிய 5 வேலைநாளுக்குள் சொல்ல வேண்டும். வெளிநாட்டவரோடு புதிதாக ஏற்படும் நெருங்கிய உறவும் பிற நாட்டுக் கடவுச்சீட்டுக்கான விண்ணப்பமும் 120 நாளைத் தாண்டிய கடன் நிலுவையும் அறிவிக்கத்தக்கவை. டாப் சீக்ரெட் நிலையில் திருமணம், ஒரே வீட்டில் சேர்ந்து வாழத் தொடங்குதல், பரம்பரைச் சொத்தாகவோ பரிசாகவோ திடீரென்று வரும் 10,000 டாலரும் அதற்கு மேற்பட்டதும் இந்தப் பட்டியலில் சேரும்.

பத்திரிகையில் கசிந்து உலகமே படித்துவிட்ட ரகசிய ஆவணம், அதனால் மட்டும் ரகசியம் அல்லாததாகிவிடாது. உங்கள் அலுவலகக் கணினியில் அதைத் திறந்து பார்ப்பதோ, நண்பர்களிடம் ‘ஆமாம், அது உண்மைதான்’ என்று தலையாட்டுவதோ கூடாது. வேலை தேடும்போது உங்களிடம் இருக்கும் நிலையை விண்ணப்பக் குறிப்பில் எழுதுவதில் பொதுவாகத் தடையில்லை; எந்தத் திட்டத்தில் வேலை செய்தீர்கள் என்பதை எஃப்எஸ்ஓவிடம் கேட்டுவிட்டே எழுத வேண்டும். வேலையை விட்டு விலகும் நாளில், கையெழுத்திட்ட அந்த எஸ்எஃப்-312 ஒப்பந்தத்தை மீண்டும் உங்கள் முன் வைத்து இன்னொரு கையெழுத்து வாங்குவார்கள். அனுமதி அன்றோடு முடியும். ஒப்பந்தம் ஆயுள் முழுவதும் தொடரும். பின்னாளில் பணிக்காலத்தைப் பற்றிப் புத்தகம் எழுத நினைத்தால், பதிப்பகத்துக்கு அனுப்புமுன் அந்தப் பிரதி அரசின் முன்பார்வைக்குப் போக வேண்டும்.